மிச்சப்பட்ட நேரம் யார் கைக்குப் போகிறது?

கேட்டிருப்பவர் மதுரை ஐயர் பங்களாவில் குடியிருக்கிறார். வயது 38. மேலமாசி வீதியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை, சம்பளம் 22,000. வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். காலை ஐந்துக்கு எழுந்தால் இரவு பதினொன்று வரை ஓட்டம். சி.எம்.ஏ. எனும் கணக்கியல் படிப்பில் இன்டர் இரண்டாவது குரூப் நாலு பேப்பரும் பாக்கி கிடக்கின்றன. உசிலம்பட்டியில் தனியாக இருக்கும் 72 வயது அப்பாவை மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. "நேரம் எங்கே போகுதுன்னே தெரியலை. நாலு மணிக்கு எழுந்து பழகுன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கிற நேரத்தை மதிச்சு, யோசிச்சு செலவு பண்றது எப்படி?" என்பது அவருடைய கேள்வி.

நாலு மணிக்கு எழ வேண்டாம், அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறீர்கள். ஆறு மணி நேரம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் ஏற்கெனவே ஒரு மணி நேரம் கடன் வைத்திருக்கிறீர்கள். நாலு மணி அலாரம் அந்தக் கடனை இரட்டிப்பாக்கும், அவ்வளவுதான். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஒரு ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாக அடித்து, அதைத் தேடித் திருத்த அரை மணி நேரம் போகும். மதுரையைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் வேலை ஆய்வுப் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. கையில் ஸ்டாப் வாட்ச், அட்டையில் சொருகிய தாள். அறுந்த நூலை ஒரு சைடர் (நூற்கும் மெஷினைக் கவனிக்கும் தொழிலாளி) எத்தனை நொடியில் ஒட்டுகிறார், நூல் நிறைந்த கண்டுகளை இறக்கிவிட்டு ரிங் பிரேம் என்ற அந்த மெஷினை மறுபடி ஓட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளப்பதுதான் வேலை. பகல் ஷிப்டில் சறுக்காமல் ஓடும் அதே கை, முழு நைட்டில் விடியும் நேரத்தில் எப்படித் தடுமாறும் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தூக்கத்தை வெட்டி நேரம் எடுப்பவர்களை நான் பாராட்ட மாட்டேன்.

நேரத்தைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி அந்த ஆலைகளில் கற்றதுதான். நேரத்தை மிச்சம் பிடிக்க வழிகள் எத்தனையோ உண்டு. மிச்சம் பிடித்தது யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. என் பதில் இதைச் சுற்றியே வரும். அதற்கு முன்னால் உங்கள் நேரம் இப்போது எங்கே போகிறதென்று பார்த்துவிடுவோம்.

டைரி எழுதச் சொல்ல மாட்டேன். ராத்திரி உட்கார்ந்து எழுதினால் சமையல், பஸ், ஆபீஸ் என்று பெரிய துண்டுகள்தான் ஞாபகத்துக்கு வரும். கேஸ் சிலிண்டர்காரர் வந்தது, மாமியாரின் மாத்திரைச் சீட்டைத் தேடியது, பையனின் ஒற்றைச் சாக்ஸ், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று நாலு தடவை போய்ப் பார்த்தது, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கேள்விக்குப் பதில் போட்டது, இவையெல்லாம் டைரியில் ஏறாது. நாளைத் தின்பவை பெரும்பாலும் இவைதான்.

இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளை ஆராய்ந்த டிப்பெட் என்ற புள்ளியியலாளர் 1930களில் இதற்கு ஒரு வழி சொன்னார். நாள் முழுக்க வாட்சோடு ஒரே மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. தற்செயலாக அமைந்த நேரங்களில் ஒரு சுற்று நடந்து போய், அந்தக் கணத்தில் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். நூறு தடவை பார்த்ததில் இருபது தடவை நின்றிருந்தால், அந்த மெஷின் நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. எங்கள் பிரிவில் இந்த முறையை 'ஸ்நாப் ரீடிங்' என்போம். ஆளை ஆள் முறைத்துக்கொண்டு நிற்காத முறை என்பதால் தொழிலாளர்களுக்கும் இதுவே பிடித்திருந்தது. வாட்சைப் பார்த்ததும் வேகம் கூட்டுபவரும் உண்டு, குறைப்பவரும் உண்டு. சட்டென்று ஒரு பார்வை பார்த்துப் போகும்போது இயல்பான நிலை அகப்படும்.

உங்களுக்கும் இதையே சொல்கிறேன். பத்து நாள், நாளுக்குப் பத்து அலாரம், காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்றுக்குள். நேரங்களை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளைகளிடம் சீட்டு எழுதிக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். தினமும் வேறு வேறு நேரம் வரட்டும். எட்டு மணி, பத்து மணி என்று ஒழுங்காக வைத்தால் எட்டு மணி அலாரம் தினமும் உங்களைப் பஸ் ஸ்டாப்பிலேயே பிடிக்கும். ஏழே காலுக்கு வீட்டில் நடக்கும் களேபரம் கணக்கிலேயே வராது. அலாரம் அடித்த கணத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்களோ அதை இரண்டு சொல்லில் எழுதுங்கள். பக்கத்திலேயே இன்னும் இரண்டு குறிப்பு: இது யாருக்காக? இதை நான் தேர்ந்தேனா, வந்து விழுந்ததா?

பயனுள்ளது, வீண் என்று மட்டும் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்தால் சாயங்காலம் டீயோடு வாசல்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்ததைக் கூச்சப்பட்டுக்கொண்டு வீண் பக்கம் எழுதுவீர்கள். வேலை ஆய்வில் ஒரு வேலைக்கு இத்தனை நிமிடம் என்று தீர்மானிக்கும்போது, தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் 5 சதவீதம், களைப்புக்கென்று குறைந்தது 4 சதவீதம் கூட்டிக் கொடுப்பது பரவலான வழக்கம். ஆலையில் நிற்பவருக்கு உள்ள உரிமை அடுப்படியில் நிற்பவருக்கும் உண்டு.

நூறு குறிப்பு சேர்ந்ததும் எண்ணுங்கள். 23 குறிப்பு அடுப்படி என்றால், விழித்திருக்கும் 18 மணி நேரத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். நூறே குறிப்பு என்பதால் எட்டு குறிப்பு முன்பின் இருக்கலாம். அதாவது உண்மையான அளவு இரண்டே முக்கால் மணிக்கும் ஐந்தரை மணிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அகலமான இடைவெளிதான். முடிவெடுக்க இது போதும். இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் மேலும் பத்து நாள் எடுங்கள்.

இதைச் செய்து பார்த்தவர்களிடம் நான் அடிக்கடி கேள்விப்படுவது போனைப் பற்றி இருக்காது. போன் எவ்வளவு தின்கிறதென்று போனே காட்டிவிடுகிறது. அதைக் குறைப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். எதிர்பாராமல் தலைகாட்டுவது காத்திருப்பு. பஸ்ஸுக்கு, டாக்டருக்கு, டியூஷன் முடிய, கிளையண்ட் பில் அனுப்ப, கணவர் வந்து சாப்பிட. இதில் கொஞ்சம் வெளியிலிருந்து வருகிறது. மீதி, நாளை விளிம்பு வரை நிரப்புவதால் வருகிறது. இதைச் சற்று விளக்க வேண்டும்.

ஒரு சைடரின் பொறுப்பில் நிறைய மெஷின் பக்கங்களைக் கொடுத்தால், ஓரிடத்தில் நூலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னோரிடத்தில் அறும். அவர் ஒரு நொடிகூடச் சும்மா இல்லை, ஆனாலும் நூல் அறுந்த கதிர் காத்துக் கிடக்கும். இப்படிப்பட்ட காத்திருப்புக்கான கணக்கை டெலிபோன் எக்ஸ்சேஞ்சை வைத்து 1909இல் தொடங்கிவைத்தவர் டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங். வேலைகள் முறையில்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றும் எடுக்கும் நேரமும் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளின் நேரம் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒரு வேலை தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம், ஒரு வேலையை முடிக்கும் சராசரி நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதம் நிரம்பினால் 9 மடங்கு. 95 சதவீதம் என்றால் 19 மடங்கு. எண்பதுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் வித்தியாசம் பதினைந்துதான், காத்திருப்போ கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிவிடுகிறது.

உங்கள் நாள் முழுசாக நிரம்பியிருக்கிறது. அதனால்தான் கோரிப்பாளையத்தில் பஸ் பத்து நிமிடம் கூடுதலாக நின்றால் அந்தப் பத்து நிமிடம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் துரத்துகிறது. இன்னும் வேகமாக ஓடுவது இதற்கு மருந்தாகாது. சில வேலைகளை எடுத்துவிட்டு, நாளில் ஐந்தில் ஒரு பங்கையாவது எதற்கும் எழுதிக்கொடுக்காமல் விட்டுவைக்க வேண்டும். வெறுமையாக விட்ட அந்த இடம்தான் மற்ற வேலைகளை நேரத்துக்கு முடிக்க வைக்கிறது. மேலாளர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை; வீட்டில் மாமியாரிடம் சொல்வது அதைவிடச் சிரமமாக இருக்கலாம், ஆனாலும் சொல்லுங்கள்.

இனி மிச்சம் பிடிப்பது பற்றி. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் இட்லி தீபாவளிக்கு, பொங்கலுக்கு, இல்லாவிட்டால் மாப்பிள்ளை வந்தால். கிரைண்டர் வந்தது, மணிக்கணக்கில் ஆட்டிய கைகள் ஓய்ந்தன. அந்த மணிகள் என்ன ஆயின? இட்லி தினப்படி ஆனது. ஒரு சட்னி இரண்டானது, கூடவே சாம்பாரும் வந்து உட்கார்ந்தது. வாஷிங் மெஷின் வந்ததும் ஒருநாள் போட்ட சட்டையை மறுநாள் போடும் வழக்கம் போனது. மெஷின்கள் கொடுத்த நேரம் அம்மாக்களின் கையில் தங்கவில்லை. தங்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யாததால், வீட்டின் எதிர்பார்ப்பு அதை எடுத்துக்கொண்டது.

உங்கள் வீட்டுப் பக்கமே இன்னோர் உதாரணம். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் 2023 ஏப்ரலில் திறந்தது. ஊருக்குள் வர எடுக்கும் நேரம் குறைந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் சாலை வேகமாகும்போது மக்கள் அந்த நேரத்தோடு வீட்டில் வந்து உட்காருவதில்லை, இன்னும் தள்ளிப்போய் மனை வாங்குகிறார்கள். ஒரு நாளில் பயணத்துக்குப் போகும் மொத்த நேரம் பெரிதாக மாறுவதில்லை என்று ஜஹாவி போன்ற போக்குவரத்து ஆய்வாளர்கள் 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆலையிலும் இதைத்தான் பார்த்தேன். ஒரு சைடரின் நடையைக் குறைத்து மணிக்கு நாலு நிமிடம் மிச்சமாக்கினால், அந்த நாலு நிமிடம் அவருடையதாக ஆனதே இல்லை. சில மாதங்களில் அவர் பொறுப்பில் இன்னொரு பக்கம் சேர்ந்திருக்கும்.

அதனால், எந்த வேலையைக் குறைக்கும் முன்னாலும், குறையும் நேரம் யாருக்கு, எதற்கு, என்று, எத்தனை மணிக்கு என்று எழுதிவிடுங்கள். 'தினம் நாற்பது நிமிடம் மிச்சம்' என்று எழுதினால் அது பொழுது சாய்வதற்குள் காணாமல் போகும். 'செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்தரை முதல் ஆறரை வரை மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் பேப்பர்' என்று எழுதி, குளிர்பதனப்பெட்டிக் கதவில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத நேரம் உங்களுடையது ஆகாது.

அந்தக் காலை நேரம் எங்கிருந்து வரும்? அப்போது நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்களே? இங்கே கணவரைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் உங்கள் ஒழுங்கில் குறை இருப்பதாக நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. 2024 கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அதே வேலையில் கை வைக்கும் ஆண்கள் 88 நிமிடம். கை வைக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை. 2019இல் இந்த எண்கள் 299, 97. ஐந்து ஆண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கு ஒன்பது நிமிடம் குறைந்தது. இரு பக்கத்துக்கும் இடையே இருநூறு நிமிடம் அப்படியே நிற்கிறது. எந்த அலாரமும் எந்த ஒழுங்கும் இந்த இருநூறு நிமிடத்தை ஈடுகட்டாது. வேலையைப் பங்கு பிரித்தால்தான் உண்டு.

"கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் பொறுப்பு உங்களிடமே தங்கிவிடும். என்ன வாங்க வேண்டும், எப்போது தீரும், யாருக்கு எது ஆகாது என்று நினைத்து வைத்திருப்பதும் வேலைதான்; அது எந்த வாட்சிலும் விழாத வேலை. ஒரு காரியத்தை அடி முதல் நுனி வரை கொடுத்துவிடுங்கள். மாமியாரின் மருந்து தீரும் முன் வாங்குவது, டாக்டரிடம் தேதி வாங்குவது, கூட்டிப்போவது மூன்றும் அவருடையது. செவ்வாய், வியாழன், சனி காலை டிபன் அவருடையது. மூன்று நாளும் உப்புமாவாக இருந்தாலும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. மெதுவாகத்தான் செய்வார். புது ஆளுக்கு வேகம் ஏறப் பல வாரங்கள் ஆகும் என்று தெரிந்துதான் ஆலையில் பழகுநர்களுக்குத் தனி அளவு வைத்திருப்பார்கள். பத்தாவது நாள் பொறுமை இழந்து "விடுங்க, நானே செஞ்சுடறேன்" என்று கரண்டியைப் பிடுங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பையனுக்கும் பெண்ணுக்கும் இதே விதிதான். பள்ளிப் பை, தண்ணீர் பாட்டில், மறுநாள் சீருடை அவரவர் பொறுப்பு. அது நடந்தாலே நீங்கள் பத்து மணிக்குப் படுக்கலாம். ஏழு மணி நேரத் தூக்கமும் கிடைத்துவிடும்.

காலையைப் படிப்புக்குச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை மொட்டாக வரும் மல்லிக்கு ஒரு விலை, மதியம் வாய் திறந்தபின் அதே மல்லிக்கு வேறு விலை. உங்கள் ராத்திரி பத்து மணியும் காலை ஐந்தரையும் அப்படித்தான். நாள் முழுக்க எண்களைப் பார்த்துக் களைத்த தலையோடு இரவில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தூங்கித் தெளிந்த ஒரு மணி நேரத்தில் கணக்கு நன்றாக ஏறும். இரவு நேரத்துக்குத் துணி மடிப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நம் பக்கத்துக்கே உரிய பெரிய செலவு. விசேஷம். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து மதுரையில் வாழ்க்கைப்பட்டவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வைகாசியிலோ ஆவணியிலோ முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஒரே நாளில் மூன்று பத்திரிகை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு, கிடா வெட்டு. நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் செய்முறை (மொய்) செய்தது நோட்டில் இருக்கிறது, திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. நானும் அதே மண்ணில் பிறந்தவன்தான். செய்முறையை விடச் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பம் நொடித்துப்போகும்போது மொய்ப் பணம் தூக்கி நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பணம் திருப்ப வேண்டும் என்பதையும், குடும்பத்தோடு அரை நாள் மண்டபத்தில் உட்கார வேண்டும் என்பதையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். துட்டிக்குப் போங்கள், கணக்குப் பார்க்காமல் போங்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சரி. அழுகிற வீட்டில் ஒரு முகம் கூடுவது வேறெதாலும் ஈடாகாது. உடன்பிறந்தார் வீடு, தாய்மாமன் வீடு, உங்களுக்கு ஓர் ஆபத்தில் வந்து நின்றவர்கள் வீடு, இவற்றுக்குக் குடும்பத்தோடு போய் முதல் ஆளாக நில்லுங்கள், பந்தி பரிமாறுங்கள். மற்றவற்றுக்கு வீட்டுக்கு ஒருவர். இந்த முறை அவர், அடுத்த முறை நீங்கள். கல்யாணம் என்றால் முந்தின நாள் சாயங்காலம் வரவேற்புக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் இருக்கும். ஒருவருமே போக முடியாதென்றால் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லுங்கள், மொய்யைக் கொடுத்தனுப்புங்கள், பத்து நாள் கழித்து மணமக்களை வீட்டில் போய்ப் பாருங்கள். மண்டபத்துக் கூட்டத்தில் மேடையேறிப் போட்டோவுக்கு நின்றதைவிட அந்தப் பத்து நிமிடப் பேச்சு உறவுக்கு நல்லது. சிலர் வருத்தப்படுவார்கள். இரண்டொருவர் வருடக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ள மனதைத் தயார்செய்துகொள்ளாமல் உங்கள் நேரத்தில் எந்த மாற்றமும் வராது என்றே நினைக்கிறேன்.

அதேசமயம் சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் விடிய விடிய நிற்பதையோ, மறுநாள் வைகைக் கரையில் நெரிசலில் அழகரைப் பார்க்கத் தவிப்பதையோ யாராவது நேர விரயம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நீங்களே விரும்பித் தேர்ந்து நிற்கும் இரவு. 'தேர்ந்தேனா, வந்து விழுந்ததா' என்று குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பணக் கணக்கும் ஒன்று உண்டு. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் உங்கள் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 106 ரூபாய். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; எத்தனையோ பெண்களை வீட்டை விட்டு வேலைக்கும் படிப்புக்கும் கொண்டுவந்த நல்ல திட்டம். ஆனால் அந்த பஸ்ஸுக்காகவே 25 நிமிடம் நின்றால், உங்கள் கணக்கில் 44 ரூபாய் போகிறது. ஷேர் ஆட்டோவுக்கு அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். அப்படியானால் எப்போதும் ஷேர் ஆட்டோவா? இல்லை. அந்த 25 நிமிடத்துக்கு ஏற்கெனவே பெயர் எழுதி வைத்திருக்கும் நாளில் ஆட்டோவில் ஏறுங்கள். பாடத்தைப் பதிவுசெய்து காதில் கேட்டுக்கொண்டு நிற்கும் நாளில் பஸ்ஸுக்கே நில்லுங்கள். இட்லி மாவு வாரத்தில் இரண்டு நாள் தெருமுனைக் கடையில் பாக்கெட்டாக வாங்கலாம், அது ஊதாரித்தனம் ஆகாது. அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் 6,000 பேருக்கு மேல் விசாரித்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பிடிக்காத வேலைகளைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்பவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருப்பதாகத் தெரிந்தது. மாச பட்ஜெட் இடிக்காத அளவுக்கு நமக்கும் அது பொருந்தும். ஆனால் இந்த 106 ரூபாயை எடுத்துக்கொண்டு அப்பாவிடமும் பிள்ளைகளிடமும் போகாதீர்கள். அங்கே இந்த அளவுகோல் வேலை செய்யாது.

அப்பாவுக்கு வேறு கணக்கு. மாதம் ஒரு ஞாயிறு, போக வர நேரம் கழித்து அவரோடு நாலு மணி நேரம் என்று வைத்தால் வருடத்துக்கு 48 மணி நேரம். முழுசாக இரண்டு நாள். தமிழ்நாட்டில் சராசரி ஆயுள் 73ஐ ஒட்டி என்பது பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. 72ஐத் தொட்டுவிட்டவருக்குச் சராசரியாக இன்னும் பத்தாண்டை ஒட்டி இருக்கிறது. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் இப்போதைய வேகத்தில் அந்தப் பத்தாண்டையும் கூட்டினால் 480 மணி நேரம், இருபது நாள். அந்த நாலு மணி நேரத்திலும் நீங்கள் உட்காருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. போனதும் வீட்டைக் கூட்டி, போர்வையை ஊறவைத்து, ஒரு வாரத்துக்குக் குழம்பு வைத்து, இருட்டும் முன் பஸ் ஏறும் மகள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஊரிலேயே ஓர் அம்மாவை வாரம் இரண்டு நாள் வேலைக்கு வையுங்கள். முன்னால் சொன்ன காசு கணக்கு இதற்குத்தான் சரியாகப் பொருந்தும். நீங்கள் போகும் நாளில் அவரோடு டீக்கடை வரைக்கும் நடங்கள், காட்டுப் பக்கம் போங்கள், யார் எந்தப் பங்காளி, எந்த வரப்பு யாருடையது என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையை மட்டும் கூட்டிப்போனால் தாத்தாவிடம் அது ஒட்டும். இரண்டும் சேர்ந்தால் தங்களுக்குள் சண்டை போட்டுவிட்டுத் திரும்பும். ஆரப்பாளையத்திலிருந்து பஸ் அடிக்கடி உண்டு, 2022இல் தேனி வரை மறுபடி ஓடத் தொடங்கிய ரயிலும் உசிலம்பட்டியில் நிற்கிறது. விசேஷங்களில் மீட்டெடுக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமையை அவருக்கு எழுதிவையுங்கள். மாதம் இரண்டு முறை என்றாகிவிட்டால் அந்த இருபது நாள் நாற்பது நாளாகும்.

தேதிகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஜூலையும் செப்டம்பரும் ஆடிட்டர் ஆபீஸில் மூச்சு விட முடியாத மாதங்கள், அக்டோபர் கடைசி வரைக்கும் அதன் வால் நீளும். அப்போது எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். மாதத்தில் 11, 20 இரண்டும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் தேதிகள். அதனால் உசிலம்பட்டி ஞாயிறுகளில் ஒன்று 20க்குப் பிறகு வருவதாக இருக்கட்டும். அலாரக் கணக்கெடுப்பை ஒரு மாதத்தின் 15ஆம் தேதி தொடங்கினால் நெருக்கடி நாளும் சாதாரண நாளும் இரண்டும் அகப்படும். சித்திரைத் திருவிழா, தீபாவளி வாரங்களில் எடுத்தால் எண்கள் ஏமாற்றும். தேர்வுக்கு டிசம்பரை விட்டுவிட்டு ஜூனைக் குறியுங்கள். நவம்பர் தொடங்கி மே முடிய 30 வாரம். மூன்று காலையும் சேர்ந்து மூன்று மணி நேரம், ஞாயிறு இரண்டு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 5, மொத்தம் 150 மணி நேரம். ஞாயிறு நேரத்துக்குப் புது நத்தம் சாலையில் உங்கள் வீட்டுப் பக்கமே 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகள் பகுதியும் அங்கே உண்டு என்பதால் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். நாலு பேப்பருக்குச் சமமாகப் பிரித்தால் பேப்பருக்கு 37 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும், ஆனால் சமமாகப் பிரிக்காதீர்கள். கார்ப்பரேட் அக்கவுண்டிங்கும் ஆடிட்டிங்கும் சேர்ந்த பேப்பரில் பாதியை நீங்கள் வேலையிலேயே படித்திருப்பீர்கள். அதற்கு 25 மணி நேரம் வைத்து, மிச்சமாகும் பன்னிரண்டு மணி நேரத்தை மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் பெயரில் இப்போதே எழுதிவிடுங்கள்.